அபராத ஓட்டு

மாவு மில்லில் மூட்டைக்கு வாய் தைப்பது அவள் வேலை. மாவு நிரம்பிய பை ஒன்றன்பின் ஒன்றாகப் பெல்ட்டில் வந்து நிற்கும். வாயை மடித்துப் பிடித்து, மேலே தொங்கும் கைமெஷினை இழுத்து ஒரே இழுப்பில் தைத்து, நூலை அறுத்துத் தள்ளிவிட வேண்டும். கொஞ்சம் மூச்சு வாங்கினால் அடுத்த பை கவிழ்ந்து மேலெல்லாம் கொட்டும். மாலையில் புருவம், காதுமடல், பின்கழுத்து எல்லாம் வெள்ளை பூத்துப்போய் வீடு திரும்புவாள். மில்லில் அவளைத் தையல்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு வம்புக்கும் போகாதவள், இருக்கிற இடம் தெரியாது என்று மேனேஜர் அவளைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். மேனேஜர்களுக்கு அப்படிப்பட்டவர்களைத்தான் பிடிக்கும்.

அந்த வேலை அவளுக்குத் தானாக வரவில்லை. புருஷனைக் கொடுத்து வாங்கிய வேலை அது.

மில்லின் பின்பக்கம் கோதுமை கொட்டி வைக்கும் உயரமான இரும்புக் கலன்கள் நிற்கின்றன. சைலோ என்பார்கள். ஈரம் பட்டால் கோதுமை சுவரோடு ஒட்டிப் பாறையாகிவிடும். யாராவது உள்ளே இறங்கிக் கம்பியால் குத்தி உதிர்க்க வேண்டும். இறங்குமுன் அடியில் ஓடும் பெல்ட்டை நிறுத்த வேண்டும். இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்ட வேண்டும், மேலே ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மில்லைக் கூட்டுகிறவளுக்கும் தெரிந்த விதி இது. அன்றைக்கு வாசலில் லாரிகள் காத்து நின்றன. பெல்ட்டை நிறுத்தினால் அரைநாள் போய்விடும், ஓடட்டும் என்று முதலாளி போனில் சொன்னார். கயிறு ஸ்டோர் அறையில் பூட்டிக் கிடந்தது, சாவிக்காரர் லீவு. அவள் புருஷன் இறங்கினான். அடியில் கோதுமை ஓடிக்கொண்டிருந்தால் அதன் மேல் நிற்கிறவனுக்குக் கால் ஊன்ற இடம் ஏது? கத்துவதற்குள் கழுத்துவரை போய்விட்டான்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னவர் அந்தப் போனை எடுத்த மேஸ்திரிதான். அடக்கத்தன்று குடித்துவிட்டு வந்து, சுவரில் தலையை முட்டிக்கொண்டு சொன்னார். விசாரணையில் அதே மேஸ்திரி, போனே வரவில்லை என்றார். அவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. தொழிலாளி கவனக்குறைவாகக் கயிறு கட்டாமல் இறங்கினார் என்று எழுதி ஃபைலை மூடினார்கள். மூடிய மறுவாரம் முதலாளி வீட்டுக்கே வந்து, குழந்தையின் தலையைத் தடவி, இவளுக்கு மூட்டை தைக்கும் வேலையைக் கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதைதான். வயிறு இருக்கிறதே, அவள் வேலைக்குப் போனாள்.

முதலாளி சாதாரண ஆளில்லை. அந்த ஊர்க் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் தூண். ஞாயிறு தவறாமல் முதல் பெஞ்சில் இருப்பார். கூரை மாற்றியது அவர், பீடத்துக்குச் சலவைக்கல் போட்டது அவர், இப்போது புது மணிக்கூண்டு கட்டிக் கொடுப்பதும் அவர். பூசையில் நன்மை என்று கொடுக்கிற அப்பம் சுடுவதற்குக் கன்னியர் மடத்துக்கு மாவு அவர் மில்லிலிருந்து இலவசமாகப் போகிறது. போகிறது என்பதை ஆண்டுக்கு ஒருமுறை மைக்கில் சொல்லவும் செய்வார்கள். வரிசையில் நின்று நாக்கை நீட்டும்போதெல்லாம் தையல்காரிக்கு அது ஞாபகம் வரும். கிறிஸ்துவின் உடல் என்று சாமியார் சொல்ல, அவளுக்குச் சைலோவின் அடிக்கதவைத் திறந்து வெளியே எடுத்த உடல் கண்ணில் நிற்கும். ஆமென் என்று சொல்லத்தான் சொல்வாள். விழுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அப்படிப்பட்டவர் தேர்தலில் நின்றார். விளக்குச் சின்னம். எதிர்த்து நின்றவள் ஒரு வக்கீலம்மா, குடைச் சின்னம். கூலிக்காரர்களின் வழக்கை எடுத்து வாதாடுகிறவள். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள். கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் சட்டசபைக்கு வந்தால் கை தூக்குவேன் என்று மேடையில் சொல்லியிருந்தாள். பங்குச் சாமியாருக்கு அது போதுமாயிருந்தது. பிரசங்கத்தில் பேர் சொல்லவில்லை, சின்னம் சொல்லவில்லை. கருவில் இருக்கும் சிசுவைக் கொல்லத் துணிந்தவர்களுக்குத் துணைபோகிற கை, நன்மை வாங்க நீளலாமா என்று மட்டும் கேட்டார். முதல் பெஞ்சில் முதலாளி கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தில் இருந்தார்.

தையல்காரிக்கு அந்தப் பிரசங்கம் சும்மா காதில் விழுந்து போகவில்லை. இரண்டாவது பிள்ளையை ஐந்தாம் மாதத்தில் பறிகொடுத்தவள் அவள். கையளவு இருந்த அந்த உயிருக்குத் தானே ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியவள். அதனால் வக்கீலம்மா ஓட்டுக் கேட்டு அவர்கள் சந்துக்கு வந்தபோது, வாசற்படியிலேயே மறித்தாள்.

"பிள்ளைய அழிக்கிற சட்டத்துக்குக் கை தூக்குவீங்களாமே?"

கூட வந்தவர்கள் முகம் மாறியது. வக்கீலம்மா மாறவில்லை.

"தூக்குவேன். உங்க ஓட்டுக்காகப் பொய் சொல்ல வரல. உங்க வீட்டுக்காரர் ஃபைலையும் திறப்பேன். அந்தப் போன் யார் பண்ணது, கயிறு ஏன் பூட்டிக் கெடந்ததுன்னு சபையில எழுந்து கேப்பேன். ரெண்டு காரியமும் செய்யறது நான் ஒருத்திதான். புடிச்சதை மட்டும் பிச்சு எடுத்துக்க முடியாதும்மா."

"முதலாளி ஜெயிச்சா?"

"அப்புறம் அந்த ஃபைல யாரும் தொட மாட்டாங்க. தொழிற்சாலை விசாரணையெல்லாம் போற கமிட்டியில அவரே உக்காந்திருப்பார்."

அன்றிலிருந்து அவள் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல? மெஷினை இழுக்கும்போதும் யோசனை, பாத்திரம் கழுவும்போதும் யோசனை. பிறக்காத பிள்ளையும் உயிர்தான், சைலோவில் மூழ்கினவனும் உயிர்தான். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கிறார்களே என்று ஆத்திரம் வந்தது. சிசுவுக்காகக் கண்ணீர் விடுகிற சாமியார், அடக்கப் பூசையில் அவள் புருஷனைப் பற்றி ஆண்டவரின் சித்தம் என்ற இரண்டே வார்த்தையில் முடித்தது ஞாபகம் வந்தது. பெல்ட்டை ஓடவிடு என்றது ஆண்டவரா? மாதாவின் முன் முட்டி வலிக்க இருந்து பார்த்தாள். கடைசியில் மனசு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. குடைக்குத்தான் குத்துவது, அந்தச் சட்டம் வரும் நாளில் அதே வக்கீலம்மா வாசலில் போய் நின்று சண்டை போடுவது. முடிவெடுத்த பிறகு அவளுக்கு வெகு நாளைக்கப்புறம் பசித்துச் சாப்பிட முடிந்தது.

அங்கேயே நின்றிருந்தால் கதை இல்லை. மகளுக்குப் புதுநன்மை வந்து சேர்ந்தது. தேர்தல் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளைக் கவுன் தைத்தாகிவிட்டது. பிள்ளை முதல் முதலாக நன்மை வாங்கும்போது தாயும் பக்கத்தில் நின்று வாங்க வேண்டும், அதற்குமுன் பெற்றோர் எல்லாரும் தன்னிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று சாமியார் உத்தரவு போட்டிருந்தார்.

தையல்காரி ஆண்டுக்கணக்கில் பாவம் சொல்லும் அந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டிப் பக்கம் போகவில்லை. கோபம் வந்தது, பொய் சொன்னேன் என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைத்தான் செய்கிறார்கள், மோட்சமும் போகிறார்கள். இவளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சல்லடைத் தட்டிக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டு, இருந்ததை இருந்தபடி சொன்னாள்.

"முதலாளி சாகணும்னு வேண்டிக்கிட்டேன் சாமி. ஒரு தடவ இல்ல. பூசையில அப்பத்த உயர்த்துற நேரத்துல வேண்டிக்கிட்டேன். என் வீட்டுக்காரர் செத்த மாதிரியே, வாயிலயும் மூக்கிலயும் கோதும போயி சாகணும்னு."

தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் பெருமூச்சு விட்டார்.

"இது பெரிய பாவம்மா. மனஸ்தாபப்படறியா?"

"படறேன்."

"பகைக்கு மருந்து பகைக்கு எதிரா ஒரு காரியம் செய்யறதுதான். அஞ்சு மந்திரம் சொல்லிட்டுப் போறதால இது தீராது. வர்ற தேர்தல்ல உன் ஓட்ட அவருக்கே போடு. அந்த ஓட்டோட உன் பகைய அங்கயே விட்டுட்டு வா. அதுதான் உனக்கு அபராதம்."

வெளியாருக்கு ஒரு வார்த்தை. இது போலீஸ்காரர் போடுகிற அபராதம் இல்லை. பாவத்தைச் சொன்ன பிறகு, அதற்கு ஈடாகச் செய்து தீர்க்கச் சொல்லிச் சாமியார் விதிப்பதற்கு அந்தப் பேர். வழக்கமாக நாலு ஜெபம், மிஞ்சினால் ஒருநாள் உபவாசம். அதைத் தீர்க்காவிட்டால் பாவமன்னிப்பு அந்தரத்தில் தொங்கும், தொங்குகிறபோது நன்மை வாங்கினால் அது நரகத்துக்கு இழுக்கும் இன்னொரு சாவான பாவம் என்றுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லி முடித்துவிட்டு வெளியே வந்தவள் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். யாரிடமாவது கேட்கலாம். இப்படியும் ஒரு அபராதம் உண்டா என்று கேட்டாலே போதும். ஆனால் அவளால் கேட்க முடியாது. அதற்கு ஒரு பழைய காரணம் இருந்தது.

அந்தப் பங்கில் அவள் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் ஞானோபதேச வகுப்பு நடத்தியவர் ஒரே ஒரு கன்னியாஸ்திரி. கண்டிப்பானவர். புதுநன்மைக்குத் தயாராகும் பிள்ளைகள் தொட்டியிலிருந்து வெளியே வந்ததும், உனக்கு என்ன அபராதம், எனக்கு மூணு அருள்நிறை மந்திரம், உனக்கு ஏன் பத்து, அப்படி என்ன செஞ்ச என்று கணக்குப் போட்டுச் சிரிப்பது வழக்கம். அதை நிறுத்த அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தொட்டிக்குள் நடந்ததை வெளியே சொன்னால் சொன்ன நாக்கு நரகத்தில் அழுகும் என்றார். ரகசியம் காப்பது சாமியாருக்குத்தான் கடமை, பாவம் சொன்னவருக்கு இல்லை என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும். பிள்ளைகள் சத்தம் அடங்கினால் சரி என்று விட்டுவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவர் ஒன்று செய்து வைத்துவிட்டுச் செத்தும் போனார். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, தாங்களும் பிள்ளை பெற்ற பிறகும் அந்த மூடி அப்படியே இருந்தது.

வேறொரு சாமியாரிடம் போய் அபராதத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்பதும் திருச்சபைச் சட்டத்தில் உண்டு. மூட்டை தைக்கிறவளைக் கூப்பிட்டு அதை யார் சொல்லப்போகிறார்கள்.

நாத்தனாரிடமாவது சொல்லலாமா என்று நினைத்தாள். செத்தவனுடைய ஒரே தங்கை, மடத்துச் சமையலறையில் வேலை. அண்ணன் போனபிறகு ஒருத்திக்கு ஒருத்திதான் துணை. தேர்தலுக்கு முந்தின நாள் கவுனுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்க அவள் வந்தபோது, தையல்காரி வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு யாருக்குப் போடப் போற?"

நாத்தனார் நூலைப் பல்லால் கடித்தாள். "அதெல்லாம் எதுக்கு அண்ணி."

"நம்ம வக்கீலம்மாவுக்குத்தான?"

"ஓட்ட வெளிய சொல்லக்கூடாது அண்ணி. போங்க, போயி வேலையப் பாருங்க."

இத்தனைக்கும் குடைச் சின்னத்துக்குச் சந்து சந்தாகப் போய் வாய் வலிக்கப் பேசினவள் இந்த நாத்தனார். தையல்காரிக்கு அது விசித்திரமாகப் பட்டது. ஆனால் தன் தலையே தீப்பிடித்து எரியும்போது அடுத்த வீட்டுப் புகையை யார் பார்க்கிறார்கள்.

வாக்குச்சாவடி பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். பிள்ளைகளின் டெஸ்க் ஒன்றை மூலையில் போட்டு அட்டையால் மறைத்திருந்தார்கள். சீட்டை விரித்தாள். மேலே விளக்கு, கீழே குடை. கையில் முத்திரைக் கட்டை. வெளியே யாரோ இருமினார்கள்.

குடைக்குக் குத்து என்று மனசு சொன்னது. குழப்பம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்று பேசுவதுபோலத் தெளிவாகச் சொன்னது. உன் புருஷனுக்குச் சாட்சி சொல்ல இந்த உலகத்தில் உனக்கு இருப்பது இந்த ஒரு கட்டை மையும் இந்த ஒரு சீட்டும்தான், போனை எடுத்தவன் சொல்லவில்லை, பார்த்தவன் சொல்லவில்லை, நீயாவது சொல் என்றது. இன்னொரு பக்கம் வேறொன்று பேசியது. மகள் வெள்ளைக் கவுனில் நிற்கும்போது நீ மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாயா, இல்லை மன்னிப்பு இல்லாத வாயோடு அப்பத்தை வாங்கி, பிள்ளையின் முதல் நன்மையிலேயே தேவதுரோகம் செய்வாயா என்று கேட்டது. முதலில் பேசியது மனசாட்சி, இரண்டாவது பேசியது பயம். இரண்டும் வேறு வேறு என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தேதான் விளக்குக்குக் குத்தினாள். குத்தும்போது, கட்டையைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டதாக நடித்து இரண்டு பக்கமும் மை படச் செய்தால் சீட்டு செல்லாமல் போகுமே என்று ஒரு குறுக்குப் புத்தியும் வந்தது. ஆண்டவரிடமே தில்லுமுல்லா என்று அதையும் தள்ளிவிட்டாள்.

பெட்டிக்குள் சீட்டைப் போட்டுவிட்டு நேராக வேலைக்குப் போனாள். அன்றைக்குத் தைத்த மூட்டைகளில் பாதி கோணல். மேனேஜர் அதைக் கவனிக்கவே இல்லை. அவருக்கும் அன்றைக்கு மனசெல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

சனிக்கிழமை முடிவு வந்தது. முதலாளி ஜெயித்தார். பெரிய வித்தியாசம் இல்லை, பங்குக் கோயில் சுற்றுவட்டாரம்தான் கைகொடுத்தது என்று பேசிக்கொண்டார்கள். கோயில் மணி அன்று மாலை வழக்கத்தைவிட அதிக நேரம் அடித்தது.

ஞாயிறு காலை மகளோடு வரிசையில் நின்று தையல்காரி நன்மை வாங்கினாள். அபராதம் தீர்ந்துவிட்டது, எல்லாம் முறைப்படி. முறைப்படி இருந்தும் அப்பம் மேல்வாயில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. பகையை அங்கேயே விட்டுவிட்டு வா என்றாரே, விட்டோமா என்று தேடிப் பார்த்தாள். விடவில்லை. முன்னே முதலாளி மேல் மட்டும் இருந்தது, இப்போது தன் மேலும் இருந்தது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

பூசை முடிந்து கோயில் படியில் கூட்டம். வெள்ளைக் கவுன் பிள்ளைகள் ஒரு பக்கம் கிசுகிசுத்துச் சிரித்தன.

"எனக்கு ஒரே ஒரு பரலோக மந்திரம்," என்றது ஒன்று.

"எனக்கு ரெண்டு. பக்கத்து வீட்டுப் பையன அடிச்சேன்னு சொன்னேன்ல," என்றாள் தையல்காரியின் மகள்.

தையல்காரி அவள் வாயைப் பொத்தினாள். "ஏய், அத வெளிய சொல்லக்கூடாது. நாக்கு அழுகிடும்."

மகள் கையை விலக்கினாள். "இல்லம்மா. டீச்சர் சொன்னாங்க, சொல்லக்கூடாதுங்கறது சாமியாருக்குத்தான். நாம சொல்லலாம். நம்ம பாவம், நம்ம அபராதம்."

பக்கத்தில் ஞானோபதேச டீச்சர் நின்றிருந்தாள், சின்னப் பெண். ஆமாம் என்று தலையாட்டினாள். "அதுல தப்பே இல்லக்கா. சட்டமே அப்படித்தான்."

படியில் நின்ற பெண்களின் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. நாத்தனார், மளிகைக்கடைக்காரம்மா, ஆஸ்பத்திரி ஆயா, எல்லாரும் ஒரே வகுப்பில் அந்த அழுகின நாக்குப் பாடத்தைக் கேட்டவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாத்தனார் தையல்காரி பக்கம் நெருங்கி வந்தாள்.

"அண்ணி," என்றாள் மெதுவாக. "நான் விளக்குக்குப் போட்டேன். அபராதம்னு சொல்லிட்டார்."

தையல்காரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் அதான்," என்றாள் மளிகைக்கடைக்காரம்மா. ஆயா கோயில் கதவையே பார்த்தாள். பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. கூட்டத்துக்குப் பின்னால் இன்னும் யார் யாரோ தலையைக் குனிந்தார்கள்.

"வாங்க, போயி கேப்போம்," என்றாள் தையல்காரி. "எல்லாரும் சேந்து போவோம்."

"என்னன்னு கேக்கறது?" என்றாள் கடைக்காரம்மா. "எந்தப் பாவத்துக்குக் குடுத்தேன்னு அவர் திருப்பிக் கேட்டா? இத்தன பேர் நடுவுல அத வேற சொல்லணுமா?"

தையல்காரி நாத்தனாரைப் பார்த்தாள். அவள் என்ன பாவத்தைச் சொன்னாளோ, முகம் சிவந்து, செருப்பைத் தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டாள். திருடனுக்குத் தேள் கொட்டின கதை. வலிக்கும், வாய்விட்டு அழ முடியாது.

அவள் தனியாகப் போனாள். சாமியார் உடைமாற்றும் அறையில் பூசை உடுப்பைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, ஓட்டுப் போடச் சொல்லி அபராதம் குடுக்கலாமா?"

அவர் கை நின்றது. கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"தொட்டியில நடந்ததப் பத்தி நான் பேசக்கூடாதும்மா. என் வாய் கட்டியிருக்கு. உனக்கே தெரியும்."

"எனக்கு மட்டும் இல்ல. எத்தனையோ பேருக்கு."

"பேசக்கூடாதுன்னா பேசக்கூடாது."

பாவம் சொன்னவளே கேட்டால் அவளிடம் பேசலாம் என்பதும் அவருக்குத் தெரியும். அதை அவர் சொல்லவில்லை. கெட்ட மனுஷர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. சிசுக்களைக் காப்பாற்றுகிறோம் என்று அவர் மனசாட்சிக்கு அது சரியாகத்தான் பட்டிருக்கும். சிசுக்களோடு, பாதியில் நிற்கும் மணிக்கூண்டும் கொஞ்சம் பட்டிருக்கும்.

"என் வாய் கட்டல இல்ல, சாமி?"

"உன் வாய் உன் இஷ்டம்." அவர் உடுப்பை அலமாரியில் வைத்து மூடினார். "ஆனா அபராதத்தச் சொன்னா பாவத்தையும் சொல்ல வேண்டி வரும். நீ அவர் மில்லுல வேல செய்யறவ. பொம்பளப் பிள்ளைய வச்சிருக்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பங்கு மண்டபத்தில் பிள்ளைகளுக்கு டீயும் பிஸ்கட்டும். புதிதாக ஜெயித்தவர்தான் சிறப்பு விருந்தினர். கழுத்தில் மாலை, கையில் மைக். ஒவ்வொரு பிள்ளையாக மேடைக்குக் கூப்பிட்டு ஜெபமாலை கொடுத்தார். இந்த வெற்றி என் வெற்றியில்ல, உங்க ஜெபத்தோட வெற்றி என்றார். தையல்காரியின் மகள் ஏறியபோது, அவள் தலையில் கைவைத்து நிறுத்தினார்.

"இந்தப் பிள்ள நம்ம மில் குடும்பம். அப்பா விபத்துல போயிட்டார். போனாலும் இவங்கம்மா என்மேல ஒரு வருத்தம் காட்டினதில்ல. எதிர்க்கட்சிக்காரங்க இவங்க கண்ணீர வச்சு ஓட்டுப் பொறுக்கப் பாத்தாங்க. இவங்க அசரல. மேல வாங்கம்மா. ரெண்டு வார்த்த பேசுங்க."

நாத்தனார் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணி, நன்றின்னு மட்டும் சொல்லிட்டு இறங்கிடுங்க. என் பையனுக்கு மில்லுல டிரைவர் வேல சொல்லி வச்சிருக்கேன்."

அந்தக் கையை விடுவித்துக்கொண்டு தையல்காரி மேடை ஏறினாள். மைக் கனமாக இருந்தது. இப்படியொரு கூட்டத்தின்முன் அவள் நின்றதே இல்லை. ஆனால் சொல்ல வேண்டியதில் ஒரு வார்த்தைகூட அவளுக்கு மறக்கவில்லை.

"பெல்ட்ட நிறுத்தாதன்னு நீங்க போன்ல சொன்னீங்க. அதனால நீங்க சாகணும்னு நான் பூசையில வேண்டிக்கிட்டேன். அது என் பாவம். சாமியார்கிட்ட சொன்னேன். அபராதமா உங்களுக்கு ஓட்டுப் போடச் சொன்னார். போட்டேன். எனக்கு மட்டும் இல்ல, இங்க இருக்கற எத்தனையோ பேருக்கு அதே அபராதம். கெடச்சவங்க எழுந்து நில்லுங்க. என்ன பாவம்னு யாரும் சொல்ல வேணாம். எழுந்து நின்னா மட்டும் போதும்."

யாருடைய கையிலோ டீக்கோப்பை தட்டோடு மோதிச் சத்தம் போட்டது. தையல்காரி வரிசை வரிசையாகப் பார்த்தாள். கடைக்காரம்மா மடியில் இருந்த பிஸ்கட் துகளைத் தட்டினாள். ஆயா பக்கத்துப் பிள்ளைக்குக் காலர் சரிசெய்தாள். நாத்தனார் தரையைப் பார்த்தாள். ஒருத்தரும் எழவில்லை.

முதலாளிக்கு ஒரு நிமிஷம் முகம் வெளுத்துத்தான் போயிற்று. ஆனால் கூட்டத்தைப் படிக்கத் தெரியாதவர் தேர்தலில் ஜெயிக்க மாட்டார். ஒருத்தரும் எழாததை அவரும் பார்த்தார். மெல்ல அவள் கையிலிருந்து மைக்கை வாங்கினார். கண்ணில் ஈரத்தையும் எங்கிருந்தோ வரவழைத்துக்கொண்டார்.

"துக்கம் மனுஷங்கள என்னென்னமோ பேச வைக்கும்," என்றார். "நான் சாகணும்னு வேண்டினத மறைக்காம இத்தன பேர் முன்னால ஒத்துக்கிட்டாங்களே, எவ்வளவு பெரிய மனசு. தங்கச்சி, உங்க பிள்ள முதல் நன்ம வாங்கின இந்த நாள்ல, ஆண்டவர் சாட்சியா, நான் உங்கள மன்னிச்சிட்டேன்."

முதலில் கைதட்டியவர் சாமியார். பிறகு முன்வரிசை. பிறகு மண்டபம் முழுக்க.

"நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கல," என்றாள் தையல்காரி. மைக் அவர் கையில் இருந்ததால் அது பக்கத்தில் நின்ற மகளுக்கு மட்டும்தான் கேட்டது. மகள் பயந்துபோய் அம்மாவையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தையல்காரியும் கூட்டத்தைப் பார்த்தாள். கடைக்காரம்மா தட்டினாள், ஆயா தட்டினாள். செத்துப்போனவனின் ஒரே தங்கச்சி தலையை நிமிர்த்தாமல், மற்ற எல்லாரையும்விட ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தாள்.